ஃப்ரட்டா, சொராரிட்டியா, எதுவுமே வேண்டாமா? அமெரிக்கக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் கல்லூரி திறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, "நான் ரஷ் பண்ணலாம்னு இருக்கேன்" என்று பிள்ளையிடமிருந்து போன் வரும். ஃப்ரட் (ஃப்ரட்டர்னிட்டி, ஆண் மாணவர் சங்கம்) அல்லது சொராரிட்டி (மாணவியர் சங்கம்) ஒன்றில் சேர முயல்வதுதான் ரஷ். பெற்றோருக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்த குடிக் கும்மாளமும் செய்தியில் படித்த சாவுகளும். பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் டிக்டாக்கில் பார்த்த வெள்ளைத் தூண் வீடுகளும், "வேலைக்கு அங்கே ஆள் இருக்கும்" என்ற பேச்சும். இரு தரப்பு சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் இருவருமே ஒரே வகை ஃப்ரட்டை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்துக்கொண்ட அமைப்புகள் குறைந்தது ஐந்து வகை உண்டு. சேரும் முறை, செலவு, ஆபத்து, பலன் எல்லாமே வகைக்கு வகை வேறு.

முதலில் ஒரு கூட்டத்தை இந்தக் கவலையிலிருந்து விடுவித்துவிடலாம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி தேவைப்படாது. சோஷியல் ஃப்ரட்டர்னிட்டியும் சொராரிட்டியும் இளங்கலை மாணவர்களுக்கானவை. எம்.எஸ். மாணவர்களுக்குத் திறந்திருப்பவை பெரும்பாலும் ஹானர் சொசைட்டிகள் (மதிப்பெண் பார்த்து அழைக்கும் சங்கங்கள்), சில தொழில்சார் ஃப்ரட்டர்னிட்டிகள், அவ்வளவுதான். நியூஜெர்சி, டெக்சாஸ், பே ஏரியா வீடுகளிலிருந்து கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைகளும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஊரிலிருந்து நேரே போகும் பிள்ளைகளும்தான் இதைத் தொடர்ந்து படிக்க வேண்டியவர்கள்.

வீடு வைத்திருக்கும் ஃப்ரட்

கிரேக்க எழுத்துப் பெயரோடு தொடங்கிய முதல் மாணவர் சங்கம் ஃபை பீட்டா காப்பா. 1776 டிசம்பரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் உருவானது. அது பிற்பாடு மதிப்பெண் அடிப்படையில் அழைக்கும் ஹானர் சொசைட்டியாக மாறிவிட்டது. இன்று நாம் ஃப்ரட் என்று சொல்வதன் மூதாதை, 1825இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தொடங்கிய காப்பா ஆல்ஃபா சொசைட்டி. ரகசியச் சடங்கு, பேட்ஜ், "சகோதரன்" என்ற விளிப்பு எல்லாம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. ஜெரால்ட் ஃபோர்டும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் டெல்டா காப்பா எப்சிலான் என்ற ஒரே ஃப்ரட்டின் உறுப்பினர்கள், வெவ்வேறு கல்லூரிகளில். இந்த வகையின் கவர்ச்சிக்கு இப்படிப்பட்ட பட்டியல்களே பெரிய காரணம்.

வளாகத்தில் இவற்றை ஐஎஃப்சி என்ற கவுன்சில் நடத்தும். சேரும் முறை தளர்வானது. ரஷ் வாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பேசுவது, பார்பிக்யூ, கூடைப்பந்து, கடைசியில் அழைப்பின் பேரில் ஓர் இரவுச் சாப்பாடு. பிடித்துப்போனால் "பிட்" என்ற அழைப்பு வரும். அதை ஏற்றதும் ப்ளெட்ஜ் காலம் (புதியவரைச் சோதித்துப் பார்க்கும் காலம்; அதில் இருப்பவரையும் ப்ளெட்ஜ் என்பார்கள்) தொடங்கும். பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம். அது முடிந்து இனிஷியேஷன் (சேர்க்கைச் சடங்கு) ஆனால்தான் முழு உறுப்பினர்.

பணத்தைப் பொறுத்தவரை, ட்யூஸ் (சந்தா) என்று ஒரே ஒரு தொகையைச் சொல்வார்கள். அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. புதிய உறுப்பினர் கட்டணம், இனிஷியேஷன் கட்டணம், பேட்ஜ், தேசிய அலுவலகத்துக்கான தொகை, காப்பீடு, சாப்டர் (அந்த வளாகத்துக் கிளை) ட்யூஸ், பார்லர் கட்டணம் (வீட்டில் தங்காவிட்டாலும் வீட்டுப் பராமரிப்புக்குக் கட்டுவது), ஃபார்மல் விருந்து, டி-ஷர்ட் என்று தனித்தனியாக வரும். செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் முடியும் சாப்டரும் உண்டு, சில ஆயிரம் கேட்கும் சாப்டரும் உண்டு. வீட்டில் தங்கினால் அறை வாடகையும் சாப்பாடும் அதில் சேரும். சில வளாகங்களில் அது விடுதியைவிட மலிவாகவே வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

பலன் என்ன? இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. யூனியன் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஃப்ரட்டில் சேர்ந்தவர்களின் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) சுமார் 0.25 புள்ளி குறைகிறது, பிற்கால வருமானமோ சுமார் 36% கூடுகிறது என்றது. ரஷ் நேரத்தில் எல்லாச் சாப்டரும் உச்சரிக்கும் எண் இந்த 36 தான். அது ஒரே ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களிடம் எடுத்த கணக்கு என்பதை யாரும் சொல்வதில்லை. பிறகு ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகப் பொருளாதாரவாதிகள் இருவர் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் தரவை வைத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் குறைவது அதிலும் உறுதியானது. வருமானம் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஃப்ரட்டில் அதிகம். அவர்கள் பிற்காலத்தில் நன்றாகச் சம்பாதிப்பதை ஃப்ரட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. நிதித்துறையில், அதிலும் சில குறிப்பிட்ட கல்லூரிகளில், முன்னாள் உறுப்பினர் ரெஸ்யூமே எடுத்துக் கொடுப்பது உண்மை. சாஃப்ட்வேர் வேலைக்கு அதனால் ஆகப்போவது பெரிதாக ஒன்றுமில்லை.

இனி ஆபத்து: ஹேசிங், அதாவது சேர வருபவனைச் சோதனை என்ற பெயரில் வதைப்பது. நம்மவர்கள் இதை ராகிங் என்று புரிந்துகொண்டு, "அதெல்லாம் நாங்களும் பார்த்ததுதான்" என்று தள்ளிவிடுவார்கள். ராகிங், வந்து சேர்ந்த எல்லா ஜூனியர் மீதும் விழுவது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவரின் கொலைக்குப் பிறகு 1997இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது அந்தக் கொடுமைக்கு எதிராக. ஹேசிங் அப்படியல்ல. தானாகப் போய்க் கதவைத் தட்டியவன் மீது நடப்பது. எந்த நிமிடமும் எழுந்து போகலாம். போனால் ஐந்து வாரப் பாடும், கூட ப்ளெட்ஜ் பண்ணுகிற பத்துப் பதினைந்து நண்பர்களும் போய்விடுவார்கள். பையன் எழுந்து போகாததற்குக் காரணம் பயம் அல்ல, இதுதான். பல மாநிலச் சட்டங்கள் "அவனே சம்மதித்தான்" என்ற வாதத்தை ஏற்பதில்லை என்பதற்கும் காரணம் இதுதான்.

உயிர் போவது பெரும்பாலும் அடியால் அல்ல, சாராயத்தால். அதிலும் ஒரு குறிப்பிட்ட இரவைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ப்ளெட்ஜுக்கும் ஒரு "பிக் பிரதர்" யார் என்று அறிவிக்கும் இரவு அது. சில சாப்டர்களில் அந்த பிக், தன் "குடும்பத்து" வழக்கமான விஸ்கியையோ போர்பனையோ ஒரு முழு பாட்டில் கையில் கொடுப்பான். 750 மில்லி, 40 விழுக்காடு. அமெரிக்கக் கணக்கில் அது ஏறத்தாழ 17 டிரிங்க். பதினெட்டு வயதுப் பையன், ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடித்தால் மூச்சு நின்றுபோகும் அளவு. 2017 நவம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிலும் 2021 மார்ச்சில் ஒஹாயோவின் பௌலிங் கிரீன் ஸ்டேட்டிலும் மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

இரண்டாவது கோளாறு ஆம்புலன்ஸைக் கூப்பிடாதது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட்டில் ஒரு ப்ளெட்ஜ் குடிபோதையில் மாடிப்படியில் விழுந்தான். அது மது கூடாது என்று விதி இருந்த வீடு, உள்ளே கேமராவும் இருந்தது. விழுந்ததற்கும் அவசர உதவி எண்ணான 911க்குப் போன் போனதற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி நேரம். சாப்டரை மூடிவிடுவார்களே என்ற பயம் அந்த நேரத்தைத் தின்றது. ஆபத்தில் இருப்பவருக்காக உதவிக்கு அழைப்பவர் மீது வயதுக்குறைவாகக் குடித்த வழக்குப் போடாமல் விடும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. இதைப் பிள்ளையிடம் ரஷ்ஷுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவைக்க வேண்டும்.

அமைப்புகளும் சும்மா இருக்கவில்லை. ஃபை டெல்டா தீட்டா 2000 முதல் வீட்டுக்குள் மதுவே கூடாது என்றது. தேசியக் கூட்டமைப்பான என்ஐசி, 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மதுவை 2019 செப்டம்பர் முதல் சாப்டர் வீடுகளில் தடுத்தது. லைசென்ஸ் உள்ள வெளியாள் வந்து பரிமாறினால் மட்டும் விதிவிலக்கு. காகிதத்தில் நல்ல விதிகள். பென் ஸ்டேட்டிலும் காகிதத்தில் விதி இருந்தது.

பெற்றோர் யோசிக்காத ஒன்று காப்பீடு. ஃப்ரட்டின் காப்பீட்டில் ஹேசிங்குக்கும், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது கொடுத்ததற்கும் பொதுவாக விலக்கு எழுதியிருப்பார்கள். ஏதாவது நடந்து வழக்கு வந்தால், அன்றைக்குப் பொறுப்பில் இருந்த பையன்கள் பெயர் சொல்லி இழுக்கப்படுவார்கள். அவர்களுடைய பெற்றோரின் வீட்டுக் காப்பீடு வரை வழக்கறிஞர்கள் போவார்கள். எனவே பையன் "என்னை சோஷியல் சேர் (விருந்துப் பொறுப்பாளர்) ஆக்கியிருக்காங்க" என்று சந்தோஷப்பட்டால், அது ரெஸ்யூமேயில் போடும் பதவி மட்டுமல்ல என்று தெரிந்திருக்க வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு இன்னும் ஒரு படி கூடுதல். குடித்து வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருமுன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும், செய்தும் இருக்கிறது.

சொராரிட்டி

பெண்களுக்கானவை 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தொடங்கின. இன்று தேசிய அளவில் 26 சொராரிட்டிகள், 1902இல் தொடங்கிய என்பிசி என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன. ஃப்ரட்டோடு ஒப்பிட்டால் எல்லாமே ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. ஒழுங்கு கொஞ்சம் அதிகமோ என்றுகூடத் தோன்றும்.

கோடையிலேயே இணையத்தில் பதிவுசெய்து கட்டணம் கட்ட வேண்டும். புகைப்படம், மதிப்பெண், பள்ளியில் செய்த சேவை எல்லாம் கேட்பார்கள். ரெக்ரூட்மென்ட் வாரத்தில் முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். அடுத்து அவர்கள் செய்யும் அறப்பணி பற்றிய சுற்று, பிறகு சகோதரித்துவச் சுற்று, கடைசியில் ப்ரெஃபரன்ஸ். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இரு பக்கமும் வரிசைப்படுத்தும், கம்ப்யூட்டர் பொருத்தும். வழிகாட்ட ஒரு சீனியர் பெண் இருப்பாள். தான் எந்த சொராரிட்டி என்பதை அந்த வாரம் முழுக்க மறைத்துவைத்திருப்பாள், யார் பக்கமும் சாயக்கூடாது என்பதற்காக.

சறுக்குவது ப்ரெஃபரன்ஸ் இரவில். அந்தச் சுற்று முடிந்த உடனே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் எழுதிக் கொடுத்த எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் ஏற்றாக வேண்டும். மறுத்தால் அந்த வளாகத்தில் ஓராண்டுக்கு வேறு எந்த என்பிசி சொராரிட்டியிலும் சேர முடியாது. "எனக்கு அந்த ஒரு வீடுதான் வேணும்" என்று ஒன்றை மட்டும் எழுதும் பெண்களுக்கு அது கிடைக்காமல் போனால் அந்த ரெக்ரூட்மென்டில் வேறு எதுவும் கிடைக்காது. கிடைத்த எல்லா அழைப்புக்கும் போய், எல்லாவற்றையும் எழுதுகிறவருக்கு ஏதோ ஓர் இடம் அநேகமாக உறுதி. உயிரே போனாலும் சேர மாட்டேன் என்ற வீடு ஒன்று பட்டியலில் இருந்தால், அதை எழுதாமல் விடுவதும் உரிமைதான். ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து விட வேண்டும். அந்த நேரத்தில் யாரும் போன் செய்து அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். முன்னாலேயே பேசிவைப்பது நல்லது.

அலபாமாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே நேரத்தில் ஃபுட்பால் மைதானத்தில் அழைப்பு உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டை நோக்கி ஓடும் காட்சியை 2021க்குப் பிறகு உலகமே டிக்டாக்கில் பார்த்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2013இல், கறுப்பினப் பெண்களைச் சேர்க்க மாணவிகள் விரும்பியும் முன்னாள் உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்பதை மாணவர் பத்திரிகையான தி கிரிம்சன் ஒயிட் வெளிக்கொண்டுவந்தது. அந்த ஆண்டுதான் பாரம்பரிய சொராரிட்டிகளின் நிறத் தடை அங்கே உடைந்தது. 2013 என்பது நேற்றைய கதை. மாநிறப் பெண் தென்மாநில வளாகம் ஒன்றில் ரஷ் பண்ணப் போகிறாள் என்றால், ஒவ்வொரு சாப்டரும் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கும் குழுப் படங்களைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விதிமுறைப் புத்தகத்தில் அது இருக்காது.

சொராரிட்டிகளின் பாதுகாப்பு பற்றிச் சொல்லும்போது ஒரு முரண் உண்டு. என்பிசி சொராரிட்டி வீடுகளில் பொதுவாக மது கூடாது. நல்லதுதானே? ஆனால் பார்ட்டி நின்றுவிடுவதில்லை, ஃப்ரட் வீட்டுக்கு இடம் மாறுகிறது. அங்கே கதவில் நிற்பவன், பானம் ஊற்றுபவன், மாடி அறைச் சாவி வைத்திருப்பவன் எல்லாம் ஆண்கள். சொராரிட்டிப் பெண்களுக்குப் பாலியல் வன்முறை ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் சொல்வதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். (இத்தனை பெண்கள் ஒரே வீட்டில் தங்கினால் விபசார விடுதிச் சட்டத்தில் மாட்டும், அதனால்தான் சில ஊர்களில் சொராரிட்டி வீடு இல்லை என்று வளாகம் தோறும் ஒரு கதை சொல்வார்கள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை.)

இவ்வளவுக்குப் பிறகும், நாற்பதாயிரம் பேர் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் யாரையும் தெரியாமல் வந்து இறங்கும் பெண்ணுக்கு, முதல் மாதத்திலேயே நூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. உடம்புக்கு முடியாதபோது கஞ்சி கொண்டுவரும் ஆள் இருப்பதன் மதிப்பை ட்யூஸ் தொகையோடு ஒப்பிட முடியாது. ஃப்ரட்டையும் சொராரிட்டியையும் ஒரே தராசில் வைத்தால் எங்கள் தீர்ப்பு சொராரிட்டி பக்கம்தான் சாயும். செலவுதான் பெரிய தடை.

டிவைன் நைன்

கறுப்பின மாணவர்களின் ஒன்பது அமைப்புகள் இவை. முதலாவது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1906இல் கார்னெலில். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். முதல் சொராரிட்டி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். துளசேந்திரபுரத்து வேர் உள்ள கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தது இதில்தான். 1913இல் தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டா, அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தது. வெள்ளையர் ஃப்ரட்கள் உள்ளே விடாத காலத்தில் உருவானவை இவை. அதனால் இவற்றின் வேலை விருந்தல்ல. வாக்காளர் பதிவு, கல்வி உதவி, ஊர்ச் சேவை.

இங்கே ரஷ் கிடையாது. முதல் செமஸ்டரில் போய் நிற்க முடியாது. குறிப்பிட்ட கிரெடிட், குறைந்தபட்ச ஜிபிஏ, சேவைச் சான்று, பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஒரு சாப்டர் எல்லா ஆண்டும் ஆள் எடுக்காது. ஆர்வம் இருப்பதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் அதுவே தகுதிக் குறைவாகிவிடும். நிகழ்ச்சிகளுக்குப் போய், உறுப்பினர்களோடு பழகி, அவர்கள் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சேர்ந்தவர்களை வளாகத்துக்கு அறிமுகப்படுத்தும் ப்ரோபேட் நிகழ்ச்சியில், வரிசையாக முகமூடியோடு வந்து, அமைப்பின் வரலாற்றை ஒரே குரலில் ஒப்பித்து, காலால் தாளம் போட்டு ஸ்டெப் ஆடுவார்கள். பார்த்தால் மெய்சிலிர்க்கும். உறுப்பினராவது பட்டத்தோடு முடிவதல்ல. ஊர் ஊராக இருக்கும் கிராஜுவேட் சாப்டர்களில் அறுபது வயதிலும் கூட்டத்துக்குப் போகிறார்கள். சேர்க்கைக் கட்டணம் மொத்தமாக ஒரே தடவை வரும், குறைவாக இராது.

மற்ற இனத்தவரும் சேரலாம், சிலர் சேர்ந்தும் இருக்கிறார்கள். கறுப்பின மக்களின் வரலாற்றிலும் சேவையிலும் உண்மையான ஈடுபாடு இல்லாமல், பெயருக்காகப் போனால் நேர்காணலிலேயே தெரிந்துவிடும்.

தெற்காசிய ஃப்ரட்கள்

1994இல் பிங்ஹம்டனில் ஐயோட்டா நூ டெல்டா, 1998இல் டெக்சாஸ் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை, அதே ஆண்டு அங்கேயே பெண்களுக்கு காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, 1999இல் யுசிஎல்ஏவில் பீட்டா கை தீட்டா. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்தவர்களின் பிள்ளைகள் கல்லூரி வயதை அடைந்த காலம் அது. ஏன் 90களில் ஒரே மூச்சில் இத்தனை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நம் பெற்றோர் பலர் இந்த வகையைக் கேட்டதும் நிம்மதி அடைகிறார்கள். "நம்ம பசங்கதானே." அங்கேதான் ஏமாற வேண்டியிருக்கிறது. இவற்றுக்குப் பெரும்பாலும் வீடு இல்லை, அதனால் செலவு குறைவு. சாப்டர் சிறியது, இருபது முப்பது பேர். வீடு இல்லாதது பணத்துக்கு நல்லது, கண்காணிப்புக்குக் கெட்டது. சடங்குகள் வாடகை வீட்டில், ஊருக்கு வெளியே, பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கும். ஆள் குறைவாக இருப்பதால் ஒவ்வொரு ப்ளெட்ஜின் மீதும் விழும் பார்வையும் வேலையும் அதிகம். டிவைன் நைனைப் பார்த்து எடுத்துக்கொண்ட "லைன்" (ஒன்றாகச் சேர்பவர்களின் அணி), ப்ரோபேட் முறைகள் இங்கும் உண்டு. 2013இல் நியூயார்க் பாருக் கல்லூரி மாணவர் ஒருவர் பென்சில்வேனியாவின் போகோனோ மலையில் வாடகைக்கு எடுத்த வீட்டில், ஆசிய அமெரிக்க ஃப்ரட்டான பை டெல்டா சையின் சடங்கில், கண்ணைக் கட்டி முதுகில் சுமையோடு நடக்கவைத்துத் தள்ளப்பட்டு இறந்தார். அந்த அமைப்பைப் பென்சில்வேனியாவில் இயங்கக்கூடாது என்று நீதிமன்றம் 10 ஆண்டுக்குத் தடைசெய்தது. அது தெற்காசிய அமைப்பல்ல. ஆனால் நம் நிறம், நம் பண்பாடு என்பதெல்லாம் காப்பீடு ஆகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். இந்தச் சாப்டர்களில் பெரும்பாலும் கர்பாவும் ஹிந்திப் பாட்டும்தான் ஓடும். தமிழ்ப் பிள்ளை தமிழைத் தேடிப் போகிறதென்றால், வளாகத்துத் தமிழ் மாணவர் சங்கமே சரியான இடம்.

தொழில்சார் ஃப்ரட்டர்னிட்டி

வணிகத்துக்கு ஆல்ஃபா காப்பா சை (1904), டெல்டா சிக்மா பை (1907), பொறியியலுக்குத் தீட்டா டாவ் (1904), மருத்துவத்துக்கு ஃபை டெல்டா எப்சிலான் (1904), தொழில்நுட்பத்துக்குக் காப்பா தீட்டா பை. ஆண் பெண் இருவரும் இருப்பார்கள். சோஷியல் ஃப்ரட்களுக்குப் பாலினப் பாகுபாட்டுச் சட்டமான டைட்டில் நைனில் 1974இல் விலக்குக் கொடுத்தார்கள். தொழில்சார் அமைப்புகளுக்கு அந்த விலக்கு இல்லை.

ட்யூஸ் குறைவு, பெரும்பாலும் வீடு இல்லை. சேரும் முறை வேலை நேர்காணல் மாதிரி: ரெஸ்யூமே, காஃபி சாட், கேஸ் (ஒரு வணிகச் சிக்கலுக்குத் தீர்வு சொல்லச் சொல்வது), குழு நேர்காணல். மிச்சிகன், பெர்க்லி போன்ற இடங்களில் வணிக ஃப்ரட்டில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதல் செமஸ்டரில் தள்ளிவிட்டு இரண்டாவதில் எடுப்பது சகஜம், எனவே ஒரு தடவை மறுத்தால் விட்டுவிட வேண்டியதில்லை. பலன் நேரடியானது: போன கோடையில் அதே கம்பெனியில் இன்டர்ன் செய்தவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மாக் (ஒத்திகை) இன்டர்வியூ எடுப்பார். வேலைத் தொடர்புக்காகவே சோஷியல் ஃப்ரட்டை யோசிக்கும் பையனுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம். களங்கமே இல்லாத வகை என்று நினைக்க வேண்டாம். 2018இல் இனவெறி வீடியோக்களுக்காகச் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் வெளியேற்றியது ஒரு பொறியியல் ஃப்ரட்டின் சாப்டரைத்தான்.

ஹானர் சொசைட்டி வேறு. அழைப்பு மதிப்பெண்ணால் வரும். டாவ் பீட்டா பை பொறியியல் ஜூனியர்களில் (மூன்றாமாண்டு) முதல் எட்டில் ஒரு பங்கையும் சீனியர்களில் (இறுதியாண்டு) முதல் ஐந்தில் ஒரு பங்கையும் தகுதியாக வைத்திருக்கிறது. இந்த வரம்பையே வெளிப்படையாகச் சொல்லாமல் "வாழ்த்துகள், நீங்கள் தேர்வு" என்று பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்கள் ஏராளம். ஏசிஹெச்எஸ் என்ற கூட்டமைப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டலாம்.

எதிலும் சேராமலிருப்பது

இது எளிதா கடினமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. டார்ட்மத்தில் தகுதியுள்ள மாணவரில் பாதிக்கு மேல் கிரேக்க அமைப்புகளில் இருக்கிறார்கள். அங்கே சேராதவருக்குச் சனிக்கிழமை இரவு நீளமாக இருக்கும். வில்லியம்ஸ் 1960களில் ஒழித்தது, பௌடின் 1997இல் ஒழிக்க முடிவெடுத்தது, ஆம்ஹர்ஸ்ட் 2014இல் தடைசெய்தது. இங்கெல்லாம் கேள்வியே எழாது. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்கள் சிறுபான்மை. சத்தம் மட்டும் பெரிது.

வீடும் கூட்டமும் வேண்டும், சடங்கு வேண்டாம் என்பவர்களுக்குக் கோ-ஆப் வீடுகள் நல்ல மாற்று. 1933இல் தொடங்கிய பெர்க்லி மாணவர் கூட்டுறவில் வாரம் ஐந்து மணி நேரம் சமையலோ பாத்திரமோ பெருக்கலோ செய்ய வேண்டும், வாடகை சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவு. சேவைதான் நோக்கம் என்றால் ஆல்ஃபா ஃபை ஒமேகா (1925) இருபாலருக்கும் திறந்தது, வேறு ஃப்ரட்டில் இருந்துகொண்டேகூடச் சேரலாம். நடனக் குழு, அகபெல்லா குழு எல்லாம் உண்டு. அவற்றிலும் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

சாப்டரைச் சோதிப்பது

எந்த வகையானாலும் கடைசியில் முடிவு செய்ய வேண்டியது அந்த வளாகத்தின் அந்தச் சாப்டரைப் பற்றி. ஒரே எழுத்துகள், ஒரு ஊரில் ஒழுங்கான பிள்ளைகள், அடுத்த ஊரில் போலீஸ் வழக்கு.

2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் சட்டம் பெரிய உதவி. அதன்படி ஒவ்வொரு கல்லூரியும் ஹேசிங் வெளிப்படைத்தன்மை அறிக்கையை இணையத்தில் வைக்க வேண்டும். எந்த அமைப்பு, என்ன நடந்தது, என்ன தண்டனை என்பது அதில் இருக்கும். அதில் ஒரு சாப்டரின் பெயர் இல்லை என்றால் இரண்டு பொருள்: ஒன்றும் நடக்கவில்லை, அல்லது அந்தச் சாப்டர் பல்கலைக்கழகத்தின் கீழேயே இல்லை. இரண்டாவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2005இல் கொலராடோ போல்டரிலும், 2021இல் ட்யூக்கிலும், 2022இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் ஃப்ரட்கள் கூட்டமாகப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனிக் கவுன்சில் வைத்துக்கொண்டன. அப்படிப் பிரிந்தவை மீது கல்லூரி விதி செல்லாது. பல்கலைக்கழகத்தின் ஃப்ரட்டர்னிட்டி அலுவலகப் பட்டியலில் பெயர் இல்லாத சாப்டரில் சேர வேண்டாம் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதே அலுவலகம் செமஸ்டர்தோறும் சாப்டர்வாரி ஜிபிஏ வெளியிடும். "எங்கள் சராசரி கல்லூரிச் சராசரியைவிட மேல்" என்று காட்டுவார்கள். குறைந்தபட்ச ஜிபிஏ இருப்பவரை மட்டும் எடுத்தால் சராசரி மேலேதான் இருக்கும். பார்க்க வேண்டியது புதிய உறுப்பினர்களின் ஜிபிஏ. ப்ளெட்ஜ் செமஸ்டரில் அது சாப்டர் சராசரிக்கு மிகக் கீழே விழுந்திருந்தால், அந்த எட்டு வாரம் எப்படிப் போகிறது என்று புரிந்துவிடும்.

நேரில் கேட்கவும் சில உண்டு. போன ஆண்டு எத்தனை பேருக்குப் பிட் கொடுத்தீர்கள், எத்தனை பேர் இனிஷியேட் ஆனார்கள்? இருபதில் பத்தொன்பது என்றால் சரி, இருபதில் பன்னிரண்டு என்றால் எட்டுப் பேர் ஏன் போனார்கள் என்று அந்த எட்டில் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். முதலாண்டின் முழுச் செலவையும் எழுத்தில் தர முடியுமா? புதிய உறுப்பினர் வார அட்டவணையைக் காட்ட முடியுமா? "அதை வெளியில் சொல்லக்கூடாது" என்ற பதில் இனிஷியேஷன் சடங்குக்குப் பொருந்தும். புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பையன் எங்கே இருப்பான் என்ற கேள்விக்குப் பொருந்தாது.

முடிந்தால் முதல் செமஸ்டரை விட்டுவிட்டு இரண்டாவதில் ரஷ் பண்ணுவது எல்லா வகைக்கும் நல்லது. கையில் ஒரு ஜிபிஏ இருக்கும், ஃப்ரட்டைச் சாராத நான்கு நண்பர்கள் இருப்பார்கள். எம்ஐடியில் 1997இல் ஒரு முதலாண்டு மாணவர் ஃப்ரட் வீட்டில் குடித்து இறந்த பிறகு, 2002 முதல் முதலாண்டு மாணவர் எல்லோரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். உங்கள் கல்லூரியில் அந்த விதி இல்லாவிட்டாலும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

சேர்ந்த பிறகு வெளியேறுவது பற்றி யாரும் ரஷ்ஷில் பேச மாட்டார்கள். இனிஷியேஷனுக்கு முன்பு விலகுவது சுலபம்: ஒரு மின்னஞ்சல், கட்டிய பணம் போகும், என்பிசி சொராரிட்டியானால் ஓராண்டு காத்திருப்பு. இனிஷியேஷனுக்குப் பிறகு விலகினால் வேறொரு என்பிசி சொராரிட்டியில் வாழ்நாளில் சேர முடியாது. வீட்டு ஒப்பந்தம் இதற்கெல்லாம் தனி. அது பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்கள் நடத்தும் ஹவுஸ் கார்ப்பரேஷனோடு போடுவது. சாப்டரிலிருந்து விலகினாலும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பல சாப்டர்களில் இரண்டாமாண்டு வீட்டில் தங்குவது கட்டாயம், அதற்கான கையெழுத்தை முதலாண்டிலேயே வாங்கிவிடுவார்கள். சாப்டரைப் பாதி ஆண்டில் மூடினால் வாடகை என்ன ஆகும் என்ற வரி அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.